வாவிக்கரையின் முகாம் வகுப்புகள்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே துறைநீலாவணைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் உவர்நீர்ப் பரப்பாகும். அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பகுதி ஞாயிறு எழும் திசையில் இருப்பதால் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கே வயல்களும் மேய்ச்சல் தரைகளும் குளங்களும் காடுமாக விரியும் பகுதி படுவான்கரை எனவும் வழங்கப்படுகின்றன. பெரிய பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் அலுவலகங்களும் எழுவான்கரையிலும் புளியந்தீவு நகரிலும் அமைந்திருக்க, நெல்லும் பாலும் தருகின்ற படுவான்கரை கல்வி வசதியில் பல தலைமுறைகளாகப் பின்தங்கியே இருந்தது. போர்க்காலத்தில் அங்கிருந்து பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வாவியைக் கடந்து வந்தபோது இந்தப் பழைய ஏற்றத்தாழ்வும் அவர்களோடு சேர்ந்து கரையேறியது. அப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவென வெளிநாடுகளிலிருந்து வந்த தொண்டர்களைப் பற்றியும், அவர்களுக்குப் பக்கத்தில் நின்ற உள்ளூர்த் தொண்டர்களைப் பற்றியும், 2007ஆம் ஆண்டில் ஒரு முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவரின் நினைவில் நிற்பவற்றை அவற்றின் வரலாற்றுப் பின்னணியோடு பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளிநாட்டவர் ஒருவர் படிப்பிப்பதற்காக இவ்வாவிக்கரைக்கு வருவது புதிய செய்தியன்று. ஆங்கிலேய மெதடிஸ்த சபையைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கு வந்து தொடங்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் மூலம். கப்பற் பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்துவிட்டு வந்த அவர், வந்து ஓராண்டுகூட நிறையாத நிலையில் 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்துபோனார். மதம் பரப்புவதே அவர் வந்த காரணம் என்பதில் ஐயமில்லை, ஆயினும் அவர் சிலை வாவியோரத்தில் இன்றும் நிற்பது பள்ளிக்கூடத்துக்காகவே. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவிகள் அங்கு வந்து சேர்ந்தனர். மாகாணம் என்பது இங்கு அச்சபையின் நிர்வாகப் பிரிவைக் குறிக்கும். அவ்வாறு 1948இல் வந்தவர்களுள் யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவும் பின்னர் தொழில்நுட்பக் கல்வி நிலையமொன்றின் பொறுப்பாளராகவும் கிழக்கிலேயே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், தம்முடன் வந்த உள்ளூர் இளைஞரோடு சேர்ந்து காணாமற் போனார். அவருடைய சகபாடியான ஹரி மில்லர் அடிகளார், ஆசிரியப் பணிக்குப் பின்னர், 1990களில் மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, காணாமற் போனோரின் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். இருவரும் அமெரிக்கர், ஆனால் அவர்களை மட்டக்களப்பார் என்று சொல்லாத ஒருவரை நகரில் காண்பது அரிது.

இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளின் கல்வி என்ற வகையில் இதற்கு இணையாக வைத்துப் பேச வேண்டியது காந்தியம் என்ற அமைப்பின் பணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத் தொழிலுக்காகக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்த மலையகத் தமிழர், 1977 வன்செயல்களின்போது அடிபட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் ஓடிவந்தனர். முதலில் புலம்பெயர் தொழிலாளராகவும் பிறகு நாடற்றவராகவும் இருந்த அவர்கள், இப்போது அகதிகளும் ஆகினர். கட்டடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவரான இராஜசுந்தரமும் முன்னின்று நடத்திய காந்தியம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களின் ஒதுக்குப்புறங்களில் அவர்களைக் குடியேற்றியதோடு, ஓலைக் கொட்டில்களில் பாலர் பாடசாலைகளை அமைத்து, அக்கம்பக்கத்துக் கிராமங்களின் இளம்பெண்களையே பயிற்றுவித்து ஆசிரியைகளாக்கியது. வெளிநாட்டு உதவி நிறுவனங்களிடமிருந்து பணம் வந்தது. படிப்பித்தவர்கள் ஊர்ப் பிள்ளைகள். 1983இல் இருவரும் கைது செய்யப்பட்டனர். இராஜசுந்தரம் அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, செப்டெம்பர் 23ஆம் நாள் நடந்த சிறையுடைப்பில் வெளியேறினார். சிறையுடைப்பை இன்றும் பலர் வீரக்கதையாகச் சொல்கின்றனர், பாலர் பாடசாலைகளைச் சொல்வோர் சிலரே. எது பெரிய காரியம் என்பதில் இக்கட்டுரையாளருக்குக் குழப்பமில்லை.

2007இன் நிலைமையை விளங்கிக்கொள்ளச் சட்டம் சார்ந்த ஒரு வேறுபாட்டை இங்கு குறிக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நாட்டின் எல்லையைக் கடந்து புகலிடம் தேடுபவரே அகதி. எல்லையைக் கடக்காமல் சொந்த நாட்டுக்குள்ளேயே துரத்தப்பட்டவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் எனப்படுவர். பின்னவருக்கென 1998இல் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளுள் 23ஆவது நெறி கல்வியுரிமையைப் பற்றியது, எனினும் அவ்வழிகாட்டு நெறிகளுக்கு உடன்படிக்கையின் கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டின் மண்டபம் முகாமிலோ கும்மிடிப்பூண்டி முகாமிலோ இருந்த ஈழத்துப் பிள்ளை அகதி. வாகரையிலிருந்து கால்நடையாக வந்து சித்தாண்டியில் தறப்பாளுக்குக் கீழ் இருந்த பிள்ளை, சட்டப்படி, தன் மாவட்டத்துக்குள்ளேயே இடம் மாறிய குடிமகள். அவளுக்குரிய பொறுப்பு அவளைத் துரத்திய போரில் ஈடுபட்டிருந்த அதே அரசிடமே இருந்தது. முகாமிலிருந்தவர்கள் இந்த நுணுக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் தம்மை அகதிகள் என்றே சொல்லிக்கொண்டனர்.

2006இன் இறுதியிலும் 2007 ஜனவரியிலும் வாகரைப் பக்கத்திலிருந்தும், மார்ச் மாதத்தில் படுவான்கரையிலிருந்தும் மக்கள் வெளியேறினர். அம்மாத இறுதியில் மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் இடம்பெயர்ந்திருந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. படுவான்கரையார் பலர் தோணிகளிலும் ‘பாதை’யிலும் வாவியைக் கடந்தனர். பாதை என்பது மிதவைகளின்மேல் பலகை பரப்பி, ஆட்களையும் சைக்கிள்களையும் மாடுகளையும் ஒன்றாக ஏற்றி அக்கரை சேர்க்கும் தட்டையான ஓடம். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அப்பகுதி மக்களின் போக்குவரவு அதனை நம்பியே இருந்தது. வந்தவர்கள் முதலில் தங்கியது பாடசாலைகளில் என்பதால், அவ்வூர்ப் பிள்ளைகளின் படிப்பும் நின்றது. பின்னர் கூடாரங்கள் அமைந்தபோது ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையிலும் முகாம் பிள்ளைகளுக்குப் பிற்பகலிலுமாக ஒரே கட்டடம் இரு நேரமும் இயங்கியது. இடம் போதாதபோது முகாமுக்குள்ளேயே தறப்பாள் கொட்டில்களில் வகுப்புகள் நடந்தன. சித்திரை வெயிலில் நண்பகல் தாண்டிய வேளையில் வெள்ளைத் தறப்பாளுக்குக் கீழ் நாற்பது பிள்ளைகளை இருத்தி வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுப்பது எத்தகைய வேலை என்பதைச் செய்தவரே அறிவர்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் தொழிலின்றி இருந்த இக்கட்டுரையாளர், எழுவான்கரையின் தென்பகுதியிலிருந்த அத்தகைய முகாமொன்றில், வட ஐரோப்பிய நாடொன்றிலிருந்து வந்த ஒரு தொண்டருக்கு மொழிபெயர்ப்பாளராக அமர்த்தப்பட்டார். தொண்டர் என்பவர் சம்பளமின்றி, உணவுக்கும் இருப்பிடத்துக்கும் போதிய படியை மட்டும் பெற்றுக்கொண்டு, குறித்த காலத்துக்குப் பணியாற்ற வருபவர். பிரித்தானியாவில் 1958இல் தொடங்கப்பட்ட வி.எஸ்.ஓ. போன்ற நிறுவனங்கள் இம்முறையை உலகெங்கும் பரப்பின. வந்த அம்மையார் அறுபது வயதை நெருங்கியவர், தம் நாட்டில் ஒரு பாடசாலை அலுவலகத்தில் பல்லாண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை ஆங்கிலம் படிப்பிப்பதற்கென்றே அனுப்பியிருந்தனர். ஆகவே முதற்சில நாட்கள் நிறங்களின் பெயர்களையும் கிழமை நாட்களையும் பாட்டாகப் பாடுவித்தார். பிள்ளைகள் உற்சாகமாகப் பாடினர், அதில் குறையொன்றும் இல்லை, அதனால் ஆகப் போவதும் ஒன்றுமில்லை என்பதை அவ்வகுப்பின் உள்ளூர் ஆசிரியை மட்டுமன்றி அவரும் விரைவிலேயே கண்டுகொண்டார்.

வகுப்பின் உண்மையான சிக்கல் இடாப்பில் இருந்தது. இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். ஆனால் இவை யாவும் பாடசாலை இடாப்பில் பெயருள்ள பிள்ளைக்கே வந்து சேரும். ஒரு பாடசாலையை விட்டு மற்றொன்றில் சேர்வதற்கு முன்னைய அதிபர் ஒப்பமிட்ட விடுகைப் பத்திரம் வேண்டும்; ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் விண்ணப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஷெல்லடிக்கு நடுவே ஓடியவர்கள் நெல்லையும் மாட்டையும் விட்டுவிட்டு வந்திருக்க, விடுகைப் பத்திரத்தைக் கேட்க முன்னைய அதிபர் எந்த முகாமில் இருக்கிறார் என்பதே தெரியாத நிலையில், ஆவணமில்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்டிருந்தும், பிள்ளைகள் ‘தற்காலிகம்’ என்ற தலைப்பின்கீழ்த் தனித்தாள்களில்தான் எழுதப்பட்டனர். தனித்தாள்கள் மழையில் நனைந்தன, காற்றில் பறந்தன. ஒரு முகாமிலிருந்து மற்றொன்றுக்குக் குடும்பம் மாறியபோது பெயர் இரு தாள்களில் ஏறியது அல்லது ஒன்றிலும் ஏறவில்லை.

எழுத்தர் வேலையே செய்து பழகிய அம்மையாருக்கு அந்தத் தாள்களைக் கண்டதும் கை பரபரத்தது. நகரிலிருந்து பெரிய கணக்குப் பேரேடுகள் வாங்கி வரப்பட்டன. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், கிராம சேவையாளர் பிரிவு, கடைசியாகப் படித்த பாடசாலை, தரம், கடைசியாகப் பள்ளிக்குப் போன காலம், தொலைந்த ஆவணங்கள் என நிரல்கள் கோடிடப்பட்டு, கூடாரம் கூடாரமாகச் சென்று ஒவ்வொன்றும் கேட்டு நிரப்பப்பட்டன. இதில் எதிர்பாராத இடர்கள் பல. தமிழரிடையே குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, முதலெழுத்து தகப்பன் பெயருக்கு உரியது என்பதை அம்மையார் ஏற்கச் சற்றுக் காலம் பிடித்தது. பிள்ளைகளோ தம் பாடசாலையின் பெயரைக் கேட்டால் “எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம்” என்றனர். ‘மட்/’ என்ற மாவட்டக் குறியீட்டோடு தொடங்கும் அதன் முழுப்பெயர் இல்லாமல் வலயக் கல்வி அலுவலகத்தில் எதுவும் நகராது. அதைக் கண்டுபிடிக்க மிகவும் உதவியவர் கல்வியதிகாரி எவருமல்லர். படுவான்கரைப் பாடசாலைகளுக்குச் சத்துணவுக்காக விறகு ஏற்றிப் போய்ப் பழகிய வண்டிக்காரர் ஒருவர், எல்லாப் பாடசாலைப் பலகைகளையும் மனப்பாடமாகச் சொன்னார். தாய் தகப்பன் இருவரையும் பிரிந்த பேத்தியோடு மட்டும் வந்திருந்த மூதாட்டி ஒருவர், தொலைந்த ஆவணங்களின் நிரலுக்கு விடை சொல்லிச் சலித்து, “பேரெழுதினாக் காணும் மனே, மறுகா மத்ததப் பாப்பம்” என்றார். மனே என்பது இப்பகுதியில் இளையோரை அன்போடு விளிக்கும் சொல். அறுபதை நெருங்கிய வெள்ளைக்கார அம்மையாரை அவர் அப்படி விளித்ததில் யாரும் வியப்படையவில்லை.

யுனிசெப் நிறுவனம் அனுப்பியிருந்த அலுமினியப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ருவாண்டாப் போரின் காலத்தில் உருவாக்கப்பட்ட இந்த ஏற்பாடு, ஓர் ஆசிரியருக்கும் நாற்பது மாணவருக்கும் வேண்டிய கொப்பி, பென்சில், வெண்கட்டி, அளவுகோல் முதலியவற்றை ஒரே பெட்டிக்குள் அடக்கியது. அதன் மூடியின் உட்புறத்தில் கறுப்பு வர்ணத்தைப் பூசினால் அதுவே கரும்பலகை. அந்த மூடியில் எழுதியே ஆசிரியை கூட்டல் கழித்தல் நடத்தினார். பொருட்கள் தீர்ந்த பின்னர் பேரேடுகள் அதற்குள் வைக்கப்பட்டன, ஏனெனில் முகாம் முழுவதிலும் மழை புகாத ஒரே இடம் அதுதான்.

வெளிநாட்டவரின் இருப்பினால் விளைந்த மற்றொரு பயன் கல்வியோடு நேரடியாகத் தொடர்பில்லாதது. கிழக்கில் விடுதலைப் புலிகளும், 2004இல் அவர்களிலிருந்து பிரிந்த கருணா அணியினரும் சிறுவர்களைப் படையில் சேர்த்து வந்தனர். பிரிந்த அணியினரின் ஆட்சேர்ப்பைப் பற்றி, 2006 நவம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. ஆலோசகர் அலன் ரொக் வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டினார். முகாம்களுக்கு வெளியே இளைஞர் கடத்தப்படும் அச்சம் இருந்தபோது, மாலை வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பத் தாய்மார் தயங்கினர். அம்மையார் வகுப்பு வாசலில் கதிரை போட்டு அமர்ந்திருந்த நாட்களில் வருகை கூடியது. அந்நியர் ஒருவரின் கண் முன்னால் கொடுமை செய்யத் தயங்குவர் என்ற கணிப்பில் அச்சுறுத்தலுக்குள்ளானவரோடு நிராயுதபாணியாகச் சேர்ந்திருக்கும் இம்முறையை, 1989 முதல் 1998 வரை இலங்கையில் இயங்கிய சர்வதேச சமாதானப் படையணி ஒரு கொள்கையாகவே கைக்கொண்டிருந்தது. 2003இலிருந்து வன்முறையற்ற சமாதானப் படை என்ற அமைப்பு வாழைச்சேனை உள்ளிட்ட இடங்களில் அதையே செய்தது. இம்முறையின் பலவீனமும் வெளிப்படையானது. வீசா முடிந்தால் பாதுகாப்பும் முடிந்தது. வெள்ளைத்தோலின் மதிப்பை நம்பி நடக்கும் ஒரு பாதுகாப்பைப் பாராட்டுவதா, அப்படி நம்ப நேர்ந்த நிலையை எண்ணி வெட்கப்படுவதா என்று வகுப்பாசிரியை ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் அம்மையாருக்கு மொழிபெயர்க்கவில்லை.

எல்லா வெளிநாட்டுத் தொண்டரும் இவரைப்போல் தமக்குரிய வேலையைத் தேடிக் கண்டவர்கள் அல்லர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி, திருச்செந்தூர் எனக் கடலோரக் குடியிருப்புகளை அழித்துச் சென்ற பின்னர், மட்டக்களப்பின் விடுதிகள் நிரம்பி வழியுமளவுக்குத் தொண்டர்கள் வந்தனர். ஒரே முகாமில் காலையில் ஒரு குழுவும் மாலையில் மற்றொரு குழுவும் பிள்ளைகளைச் சித்திரம் வரையச் சொல்லி, படங்களை எடுத்துக்கொண்டு போன நாட்கள் உண்டு. இரு வாரங்கள் நின்றுவிட்டுப் போனவர்களுக்குப் பிள்ளைகளின் பெயர்கூட வாயில் நுழைந்திராது. அவர்களின் நல்லெண்ணத்தில் குறைகாண வேண்டியதில்லை. நல்லெண்ணத்தைச் சுமப்பது பிள்ளைகளின் வேலையாகிவிட்டது என்பதே குறை.

இதற்கு நேர்மாறானது வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. கனடிய ஓவியரான போல் ஹோகனும், உளவளத்துணையில் தேர்ந்த இயேசு சபைத் துறவியான போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய இப்பூங்காவுக்குப் பின்னணியாக, போரினால் பாதிக்கப்பட்ட சிறுவர் பற்றிக் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வு இருந்தது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் பேருந்தில் அழைத்து வரப்பட்டு, வாரத்தில் ஒரு நாளாகப் பல மாதங்கள் களிமண், வர்ணம், கதை, நாடகம், செடி, பிராணி எனத் தமக்குப் பிடித்தவற்றோடு பொழுதைக் கழித்தனர். 1990இன் படுகொலைகளுக்குப் பின்னர் ஒருவர் ஊருக்குள் மற்றவர் கால் வைக்க அஞ்சிய இரு சமூகங்களின் பிள்ளைகள் ஒரே மண்ணைக் குழைத்தனர். பூங்காவை அன்றாடம் நடத்தியவர்கள், போரைத் தாமும் கண்டு வளர்ந்த உள்ளூர் இளைஞர்கள். ஹோகன் அவர்களைப் பழக்கினார், பழகினார், பின்பு ஒதுங்கி நின்றார். பரீட்சைப் புள்ளியால் அளக்க முடியாதது என்பதால் கல்வியதிகாரிகள் சிலர் அதை விளையாட்டு என்றே கருதினர். அக்கருத்து தவறானது.

முகாம் வகுப்புகளைத் தாங்கிப் பிடித்தவர்கள் இறுதிக் கணக்கில் தொண்டர் ஆசிரியர்களே. போர்க்காலத்தில் நிரந்தர ஆசிரியர்கள் செல்ல அஞ்சிய பாடசாலைகளில், உயர்தரம் படித்த உள்ளூர் இளைஞரும் யுவதிகளும் சம்பளமின்றியோ, பெற்றோர் சேர்த்துக் கொடுத்த சிறு தொகைக்கோ படிப்பித்தனர். வடக்கு கிழக்கில் இவர்களுக்கு வழங்கிய பெயரே தொண்டர் ஆசிரியர். மேலே சொன்ன வகுப்பாசிரியையும் அவர்களுள் ஒருவர், தாமும் இடம்பெயர்ந்து அதே முகாமில் மூன்றாம் வரிசைக் கூடாரத்தில் இருந்தவர். 2007இன் நடுப்பகுதியில் மக்கள் ஊர் திரும்பத் தொடங்கியபோது, பேரேட்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கடிதமாகப் படியெடுத்துக் கொடுத்தவர் அவரே. அம்மையார் அதற்கு முன்னரே நாடு திரும்பியிருந்தார். அக்கடிதத்தைக் கொண்டு ஊர்ப் பாடசாலையில் மீண்டும் சேர்ந்தவர்களுள் சிலர் பின்னாளில் பல்கலைக்கழகத்துக்கும் சென்றனர். வெளிநாட்டுத் தொண்டருக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. உள்ளூர்த் தொண்டர் ஆசிரியர்களோ நிரந்தர நியமனம் கேட்டு ஆண்டுக்கணக்கில் வீதியில் நிற்க வேண்டியிருந்தது, அதற்கான நேர்முகத் தேர்வில் தாம் படிப்பித்ததற்குச் சான்றாக வரவு இடாப்பைக் காட்டுமாறும் கேட்கப்பட்டனர். முகாமோடு இடாப்பும் போய்விட்டவர்களுக்கு அந்தச் சேவைக்காலம் கணக்கில் வரவில்லை.

மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்டங்களில் முகாம் வகுப்புகளை நடத்தியவர்களின் வீடுகளில் அத்தகைய பேரேடுகளும் இடாப்புகளும் கடிதப் பிரதிகளும் இன்னும் இருக்கக்கூடும். கறையான் அரிக்குமுன் அவற்றைக் கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்திடமோ, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேகரித்துவரும் நூலக நிறுவனத்திடமோ காட்டிப் படியெடுக்கச் செய்யுமாறு அவற்றை வைத்திருப்போரை இக்கட்டுரையாளர் கேட்டுக்கொள்கிறார். பிள்ளைகளின் பெயர்களை மறைத்து, படிப்பித்தவர்களின் பெயர்களையும் நாட்களையும் மட்டும் வெளியிட்டாலே போதும்.